நனைந்த பிறகு எப்படி இருக்கும்? ட்ரையத்லான் ஷார்ட்ஸ் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டிக்கு ஷார்ட்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பார்கள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புவார்கள், சரியாக இருக்கிறது என்று பணம் கட்டிவிடுவார்கள். உலர்ந்த உடம்போடு நேராக, அசையாமல் நிற்கிற அந்த நிலை போட்டியில் ஒரு நிமிடம்கூட வராது. நீச்சலில் முழுக்க நனைந்து, சைக்கிளில் இடுப்பை மடித்துக் குனிந்து, அதே ஈரத்தோடு கடைசியில் ஓட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே உடுப்பு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் சைக்கிளில் 80 நிமிடம். நிமிடத்துக்கு 85 முறை பெடல் சுற்றினால் 6,800 சுற்று. அதன்பிறகு ஒரு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட 10,000 அடி. தொடை இடுக்கில் ஒரு சின்னத் தையல் உறுத்தினாலும், அது அத்தனை ஆயிரம் தடவை அதே இடத்தில் தேய்க்கும். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான். செருப்பையாவது கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

சைக்கிள் ஷார்ட்ஸே போதும் என்று நினைப்பது

என் முதல் போட்டியில் நான் செய்தது இதுதான். நல்ல சைக்கிள் ஷார்ட்ஸ் கைவசம் இருந்தது. நீண்ட தூரம் போய்ப் பழகியது. இதற்கு இன்னொன்று எதற்கு என்று அதையே போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கரையேறியபோதே பின்பக்கம் கனத்தது. சைக்கிளில் உட்கார்ந்ததும், உட்காரும் இடத்தில் உள்ளே வைத்துத் தைத்த மெத்தையான பேடிலிருந்து தண்ணீர் பிழிந்து தொடை வழியாக வழிந்தது. காய்ந்துவிடும் என்று நம்பினேன், காயவில்லை. ஓட ஆரம்பித்தபோது இரண்டு கால்களுக்கும் நடுவே ஊறிய பஞ்சுமூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. கால்களை அகட்டி ஓடியே பந்தயத்தை முடித்தேன். மறுநாள் முழுவதும் முழங்கால் வலி.

காரணம் எளிமையானது. சைக்கிள் ஷார்ட்ஸின் பேட் தடித்த ஃபோம். மணிக்கணக்கில் சீட்டில் உட்காருவதற்காக, உலர்ந்த நிலைக்கென்று செய்தது. ஃபோமின் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் தங்கும். ட்ரையத்லானுக்கென்றே தைக்கும் ட்ரை ஷார்ட்ஸின் பேட் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், ஓரங்கள் மெலிந்து துணியோடு கலந்துவிடும். தண்ணீரை அதிகம் பிடிக்காது, பிடித்ததைச் சீக்கிரம் விடும். கையில் தொட்டுப் பார்த்தால் இவ்வளவு மெல்லிசா என்று ஏமாற்றமாக இருக்கும். அந்த மெல்லிசுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள். ஷார்ட்ஸை முக்கி எடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது எவ்வளவு நேரம் நிற்காமல் இருக்கிறது என்று கவனியுங்கள். சொட்டு நின்றபின் பேடைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தண்ணீர் பொங்கி வந்தால் அது ஓடுவதற்கு ஆகாது.

நீண்ட தூரப் போட்டியில் கதை கொஞ்சம் மாறும். 90 கி.மீ., 180 கி.மீ. சைக்கிளில் போகும்போது மெல்லிய பேட் சிலருக்குப் போதாது. சற்றே தடித்த பேட் உள்ள ட்ரை ஷார்ட்ஸும் கிடைக்கிறது. இல்லாவிட்டால் நேரம் போனாலும் பரவாயில்லை என்று ட்ரான்சிஷனில், அதாவது ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், மாற்றிக்கொள்ளலாம். திறந்தவெளியில் ஆடையைக் களைந்து மாற்ற விதிகள் அனுமதிப்பதில்லை, அதனால் உடைமாற்றும் கூடாரம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தொடையில் இறுக்கமான ஷார்ட்ஸை ஏற்றுவது எவ்வளவு பாடு என்பதையும் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்துவிடுவது நல்லது.

நேர் எதிரான தவறு தொளதொள நீச்சல் டிரவுசர். பாக்கெட்டில் தண்ணீர் புகுந்து பின்னுக்கு இழுக்கும், உள்ளே இருக்கும் வலைத்துணி சைக்கிளில் தொடையை அறுக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சௌகரியத்துக்காக ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது

அன்றாட உடையில் தளர்வுதான் சௌகரியம். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். துணி நனைந்தால் கனத்து இறங்கும், உலர்ந்தபோது ஒட்டியிருந்தது அப்போது தளரும். தளர்ந்த துணி மடியும். அந்த மடிப்பு போய் விழுகிற இடம் எப்போதும் தொடை இடுக்குதான். ஈரத் தோல், ஈரத் துணி, நடுவே வியர்வை உப்பு என்று மூன்றும் சேர்ந்தால் தோல் உரிந்துவிடும். அதனால் உலர்ந்த நிலையில் "கொஞ்சம் இறுக்கமோ" என்று தோன்றுவதுதான் சரியான அளவு. தொடைப் பகுதியில் துணியை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பாகக் கையில் வந்தால் பெரிது.

ரொம்பச் சின்னதாகவும் போகக் கூடாது. அப்போது துணி இழுபட்டு மெலிகிறது, நனைந்ததும் உள்ளே தெரிகிறது. வெளிர் நிறத்தில் இது இன்னும் மோசம். பேட் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்துவிடும். இடுப்புப் பட்டை வயிற்றை அழுத்தினால், குனிந்து ஓட்டும்போது குடித்த தண்ணீரும் சக்திக்காகத் தின்ற எனர்ஜி ஜெல்லும் நெஞ்சுக்கு வரும்.

பலர் இடுப்பை மட்டும் அளந்து ஆர்டர் செய்கிறார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தொடை பெருத்திருக்கும், அதனால் இடுப்போடு இடுப்பெலும்புச் சுற்றளவையும் தொடையையும் அளந்துகொள்ளுங்கள். போட்டுப் பார்க்கும்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றுங்கள், சைக்கிளில் குனிந்திருப்பது போல. அப்புறம் எழுந்து, ஒவ்வொரு முழங்காலையும் வயிறு வரை தூக்கி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். பட்டை சுருண்டாலோ, கால் விளிம்பு மேலே ஏறினாலோ அது வேண்டாம். பெண்களுக்கான பேடின் அகலமும் வடிவமும் வேறு. எல்லாருக்கும் பொது என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிச் சிரமப்பட வேண்டாம்.

உள்ளே ஜட்டி போடுவது

கேட்கக் கூச்சப்பட்டே பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ட்ரை ஷார்ட்ஸுக்குள் எதுவும் போடக் கூடாது. அது நேராகத் தோலில் படத்தான் தைக்கப்பட்டது. பருத்தி ஜட்டி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. அதன் ஓரத் தையல் சரியாக சீட்டில் அழுந்தும் இடத்தில் வரும்.

ஷார்ட்ஸின் தையலையும் பாருங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மணிக்கட்டின் உள்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். தட்டையான தையல் தெரியவே தெரியாது, மேடான தையல் உடனே உறுத்தும். உள்தொடையில் தையலே இல்லாதபடி வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. கால் நீளம் தொடைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைத் தாண்டி இருக்கட்டும். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்தவர் போட்டிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வெட்சூட்டுக்குள், அதாவது குளிர்ந்த தண்ணீரில் நீந்தப் போடும் ரப்பர் போன்ற முழு உடைக்குள், போடுவதாக இருந்தால், அந்த உடையை ஏற்றும்போது ஷார்ட்ஸின் கால் சுருண்டு மேலே போகும். கைவிட்டு இழுத்துச் சமன் செய்யுங்கள். உரசல் வராமலிருக்க பெட்ரோலியம் ஜெல்லி தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. வெட்சூட் செய்யும் நியோப்ரீன் ரப்பருக்கு அது ஆகாது, உரசலைத் தடுக்கவென்றே விற்கும் க்ரீமைத் தடவுங்கள்.

போட்டி நாளில் புதிதாகப் பிரிப்பது

புது ஷார்ட்ஸைக் கவர் பிரித்து முதல் தடவையாகப் போட்டி நாளில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு அடித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு இப்படிச் செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு முறையாவது, நீந்தியோ தண்ணீரில் நன்றாக நனைத்தோ, சைக்கிள் ஓட்டி இறங்கிய கையோடு ஓடிப் பாருங்கள். முடிந்ததும் குளியுங்கள். சுள்ளென்று எரியும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஷார்ட்ஸைத் திருப்பி அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தையலா, பேடின் விளிம்பா, ஷார்ட்ஸின் கால் விளிம்பில் உள்ள சிலிக்கோன் பட்டையா என்று தெரிந்துவிடும். அங்கே ஒன்றுமே இல்லை, ஆனால் உட்காரும் எலும்பில் வலிக்கிறது என்றால் குற்றம் அநேகமாக சீட்டின் உயரத்திலோ சாய்விலோ இருக்கும். அதற்குத் தடித்த பேட் வாங்கிப் பயனில்லை.

நீச்சல்குளத்துக் குளோரின் துணியின் இழுவைத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால் வந்த உடனே நல்ல தண்ணீரில் அலசி, மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் நிழலில் காயப் போடுங்கள், சூடான டிரையர் வேண்டாம். பழைய ஷார்ட்ஸை அடுத்த போட்டிக்கு எடுக்கும் முன், பின்பக்கத் துணியை இரண்டு கையாலும் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மேலே இன்னொரு டிரவுசர் போட்டுக்கொண்டு.