லோடர் பக்கெட் வாங்கும்போது ஜனவரி பனியை நம்பாதீர்கள்

டொராண்டோ பக்கம் பார்க்கிங் லாட்களில் பனி அள்ள லோடருக்குப் பக்கெட் தேடுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே பெரியது எது?" என்றுதான். நாலு தடவை அள்ளுவதை இரண்டு தடவையில் முடித்துவிடலாம் என்ற கணக்கு. பனிக்கு எப்போதும் ஒரே எடை என்று நினைப்பதால் வருகிற கணக்கு அது.

கடுங்குளிரில் புதிதாக விழுந்த பொடிப்பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ இருந்தாலே அதிகம். அதுவே பல நாள் கிடந்து, டயர் ஏறி இறுகி, மார்ச் மழையில் ஊறினால் 500 கிலோவைத் தாண்டிவிடும். 1.5 கனமீட்டர் பக்கெட்டில் ஜனவரியில் 150 கிலோ தூக்கிய வண்டி, மார்ச்சில் 750 கிலோ தூக்க வேண்டும். பக்கெட்டின் சொந்த எடை வேறு. வண்டியோடு வந்ததைவிடக் கனமான பக்கெட் மாட்டினால், கூடுதல் எடையைத் தூக்குதிறனில் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூக்குதிறனையும் கவனித்துப் படிக்க வேண்டும். சக்கரத்தில் ஓடும் சின்ன லோடரான ஸ்கிட் ஸ்டீயருக்கு, வண்டி கவிழத் தொடங்கும் எடையில் 50 சதவீதத்தைத்தான் தூக்குதிறன் என்று எழுதுவார்கள். சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் டிராக் வண்டிக்கு வழக்கம் 35 சதவீதம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நடுவில் மடிந்து திரும்பும் பெரிய லோடர் என்றால், முழுக்கத் திரும்பிய நிலையில் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். நேராக நிற்கும்போது தாங்குவதைவிட அது குறைவு. ஈரப்பனியோடு பக்கெட்டை உயர்த்தும்போது பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பும். அந்த ஒரு நொடியில் வயிறு கலங்கிவிடும். உடனே பக்கெட்டை இறக்குங்கள்.

பயந்து சின்னது வாங்குவதும் தவறு. பக்கெட் இரண்டு பக்க டயர்களின் வெளி விளிம்பையும் மூட வேண்டும். மூடாவிட்டால், அள்ளாத பனி மேல் டயர் ஏறி அதைப் பனிக்கட்டியாக்கிவிடும். பிறகு சுரண்டினாலும் வராது, உப்பும் நிறையச் செலவாகும்.

டிரக்கில் ஏற்றுவதாக இருந்தால், பக்கெட்டைக் கவிழ்த்த நிலையில் அதன் முனை டிரக்கின் பக்கச்சுவரைத் தாண்டுமா என்று அளந்து பாருங்கள். பக்கெட் ஆழமானால் அந்த உயரம் குறையும். தள்ளுவதுதான் முக்கிய வேலை என்றால் பெரிய பக்கெட்டே வேண்டாம், அடிப்பாகம் இல்லாத பனி தள்ளும் பெட்டி போதும். ஆனால் அதை வைத்து டிரக்கில் ஏற்ற முடியாது.

ஏற்கெனவே பெரியதை வாங்கியாயிற்றா? ஈரப்பனியில் அரைப் பக்கெட்டோடு நிறுத்துங்கள். ஓட்டிப் போகும்போது பக்கெட் தரையை ஒட்டியே இருக்கட்டும்.