முதற்காட்சிக்கு முந்தின இரவு: புரொஜெக்டர் அறை வேலைகள்

கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் கடைத்தொகுதி மாடியில் தியேட்டர் நடத்தினால் உப்புக்காற்றையும் ஈரத்தையும் மின்தடையையும் கணக்கில் வைத்தே ஆகவேண்டும். பெரிய படம் வெளியாகும் நாளில் வரும் தடங்கல்களில் கீழே சொல்பவை எல்லாம் முந்தின இரவே பிடிபடக்கூடியவை.

முதலில் படத்தைச் சேர்வரில், அதாவது புரொஜெக்டருக்குப் படத்தைக் கொடுக்கும் கணினியில், ஏற்றுங்கள். டிசிபி, அதாவது தியேட்டருக்கான டிஜிட்டல் படத்தொகுப்பு, வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் பதியப்பட்டிருக்கும். அதை அலுவலகக் கணினியில் செருகினால் விண்டோஸ் அடையாளம் காணாமல் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் படம் போய்விடும். நேரே சேர்வரிலேயே செருகுங்கள். உச்ச வேகமான நொடிக்கு 250 மெகாபிட்டில் பதிந்த இரண்டரை மணித்தியாலப் படம் 280 ஜிபி வரை வரும். யூஎஸ்பி 2 வழியாக ஏற்ற இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஆகவே காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அடுத்தது கேடிஎம், அதாவது படத்தின் பூட்டைத் திறக்கும் சிறிய சாவிக் கோப்பு. ஒரு சேர்வருக்கு வந்த சாவி இன்னொன்றைத் திறக்காது. இரண்டு திரையில் ஓட்டினால் இரண்டு சாவி வேண்டும். பழுதுக்காக மீடியா பிளாக்கை, அதாவது பூட்டைத் திறந்து படத்தை ஓட்டும் பகுதியை, மாற்றியிருந்தால் சாவி செய்யத் தேவையான அதன் புதிய டிஜிட்டல் சான்றிதழை விநியோகஸ்தருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். சாவி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைச் சேர்வர் திரையில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் சாவி இங்கே காலை 5.30க்குத்தான் திறக்கும், அதிகாலை நாலு மணிக் காட்சிக்கு ரிக்கற் விற்றிருந்தால் சனம் வாசலில் நிற்கும், படம் ஓடாது. சேர்வர் கடிகாரத்தைத் திருப்பிச் சமாளிக்கவும் வழியில்லை. ஆண்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் அதை நகர்த்த முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். சாவி தவறென்றால் விநியோகஸ்தர் விழித்திருக்கும்போதே புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கோப்பின் பெயரில் ‘எஸ்’ என்று இருந்தால் ஸ்கோப், அதாவது மிக அகலமான படம்; ‘எஃப்’ என்றால் ஃபிளாட், அகலம் குறைந்தது. லென்ஸ் அமைப்பையும் திரையின் ஓரத்தை மறைக்கும் கறுப்புத் திரைச்சீலையையும் அதற்கேற்ப வைத்து, முதல் ஐந்து நிமிடத்தையாவது ஓட்டிப் பாருங்கள். சாவி இன்னும் திறக்கவில்லையென்றால் அதே அளவிலான டிரெய்லர் ஒன்றை ஓட்டலாம்.

படம் மங்கலாக, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் விழுவதுபோலத் தெரிந்தால் உடனே ஃபோக்கஸைத் தொடாதீர்கள். மாரிகாலத்தில் அரங்கினுள் ஏசி குளிர், புரொஜெக்டர் அறைக்குள் ஈரவெக்கை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கண்ணாடியின் புரொஜெக்டர் அறைப்பக்கத்தில் ஆவி படிந்துவிடும். நன்றாக இருந்த ஃபோக்கஸைக் கலைத்துவிட்டால், கண்ணாடி காய்ந்த பிறகு உண்மையிலேயே மங்கலாகிவிடும். புரொஜெக்டர் அறைக்கும் தனி ஏசி போட்டு ஈரத்தைக் குறைப்பதே நிலையான தீர்வு; அவசரத்துக்கு மென்துணியால் துடைக்கலாம். காற்று வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்பும் தூசும் சேர்ந்து பிசுபிசுப்பாக அடைத்தால் உள்ளே சூடு ஏறி இயந்திரம் தானே நின்றுவிடும்.

சத்தத்துக்கு, டொல்பி ஒலிக்கருவியின் சத்த அளவுகோலில் 7 என்பதே அடிப்படை. உரக்கக் கலந்த படத்துக்கு 0.3 குறைத்தால் ஏறக்குறைய ஒரு டெசிபெல் இறங்கும். வெற்று அரங்கில் கேட்டுவிட்டு அதிகம் இறக்காதீர்கள், ஆள் நிறைந்தால் சத்தம் உறிஞ்சப்பட்டு வசனம் அமுங்கிவிடும். பின்வரிசையிலும் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

கடைசியாக மின்சாரம். சேர்வரை யூபிஎஸ்ஸில் போடுங்கள். கடைத்தொகுதியின் ஜெனரேட்டர் உங்கள் அறையின் புகைபோக்கி விசிறிக்கும் மின் கொடுக்கிறதா என்று மெயின் சுவிட்சை நிறுத்தியே சோதியுங்கள். புரொஜெக்டரின் செனன் வாயு விளக்கை அணைத்த பிறகும் விசிறி பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றவேண்டும். சூடான விளக்கு காற்றில்லாமல் நின்றால் ஆயுள் குறையும். மின் வந்தவுடன் அவசரப்பட்டு விளக்கை மறுபடி ஏற்றாமல் ஆறவிடுங்கள். அந்த விளக்கு குளிர்ந்திருந்தாலும் உள்ளே அழுத்தம் மிக அதிகம், வெடிக்கக்கூடியது. முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் அதன் மூடியைத் திறக்கக்கூடாது.