சிக்னலில் படபடப்பா? மூச்சை நீட்டி விடுங்கள்

வடபழனி சிக்னல், மாலை 7 மணி. பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். உள்ளங்கை வியர்த்து ஆக்ஸிலரேட்டர் வழுக்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெருநாய் துரத்தினாலும் இதேதான் நடக்கும். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சேரும். ஓடுவதற்கு எல்லாம் தயார். நாமோ ஸ்கூட்டரில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

"டென்ஷன் ஆகாதே" என்று மனசுக்குச் சொல்லிப் பயனில்லை. நானும் சொல்லிப் பார்த்தவன்தான். மூச்சு வழியாகப் போவது சுலபம். 4 எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். அப்புறம் சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சின்போதுதான், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போட்டுத் துடிப்பைக் குறைக்கும். அதனால் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். அடக்கிப் பிடிக்க வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். 60 நொடி சிக்னலில் ஆறு மூச்சு ஆகிவிடும்.

ஒன்று: நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.