ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இக்னிஷனைப் போட்டதும் டாஷ்போர்டில் எரியும் விளக்குகளில், உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு வட்டம் தெரிகிறதல்லவா, அதுதான் ஏர்பேக் விளக்கு. பெரும்பாலான கார்களில் ஆறேழு நொடிகளில் அது தானாக அணைந்துவிடும். அதற்குள் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் சுற்றுகளையெல்லாம் சோதித்து முடித்திருக்கும். அணையாமல் நின்றால் ஏதோ ஒரு சுற்று சரியில்லை என்று பொருள். கார் என்னவோ வழக்கம்போல ஓடும்; இழுவையும் குறையாது, மைலேஜும் குறையாது. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் மோதலின்போது பை விரியாமல் போகலாம், சீட் பெல்ட்டை நொடியில் இறுக்கும் பிரிடென்ஷனரும் இயங்காமல் போகலாம்.

இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதலும், முன்பயணி ஏர்பேக் 2021 முதலும் புதிய கார்களில் கட்டாயமாயின. ஆகவே சின்னஞ்சிறு கார் வைத்திருப்பவருக்கும் இந்தத் தலைவலி வரலாம். நல்ல வேளையாக, காரணத்தைத் தேடும் வேலையில் பெரும்பகுதிக்கு எதையும் கழற்றத் தேவையில்லை.

படி 1: விளக்கைக் கவனியுங்கள்

நின்று எரிகிறதா, கண் சிமிட்டுகிறதா, அல்லது இக்னிஷன் போட்டும் எரியவே இல்லையா? மூன்றாவதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. உண்மையில் அதுதான் மோசமானது. எச்சரிக்கவே வழியில்லாமல் போய்விட்டது. சில கார்களில் முன்பயணி ஏர்பேக் அணைக்கப்பட்டிருப்பதைக் காட்டும் தனி விளக்கும் உண்டு. குழந்தை இருக்கைக்காகச் சாவியால் அந்த ஏர்பேக்கை அணைத்துவிட்டு மறந்தவர்கள், கோளாறு என்று பதறுவது சகஜம். காரோடு வந்த கையேட்டில் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: அண்மையில் காரில் என்ன நடந்தது?

எந்தக் கருவியையும்விட இந்தக் கேள்விதான் அதிகம் துப்புக் கொடுக்கும்.

புதிய சீட் கவர் போட்டீர்களா? போடுபவர் இருக்கையைக் கழற்றி மாட்டியிருப்பார். அதன் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருக்கும். ஏர்பேக், பிரிடென்ஷனர் ஒயர்களுக்கு மஞ்சள்தான் பரவலான வழக்கம். அது 'டிக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றாலே போதும், விளக்கு வந்துவிடும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையிலேயே பதிந்திருந்தால், அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவர்தானா என்பதையும் பாருங்கள். சாதாரண கவரால் எச்சரிக்கை விளக்கு எரியாது, ஆனால் அது பையின் வழியை மறிக்கும்.

ஸ்டீரியோ மாற்றியது, உள்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது, பேட்டரி இறங்கி வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பியது எல்லாமே சந்தேகப் பட்டியலில் சேரும். பல நாள் நிறுத்தி வைத்த கார் என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். தரை விரிப்பு வரை தண்ணீர் ஏறிய காரில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்தவை போன்ற கார்களில் கனெக்டர் முனைகள் பச்சை பூத்து, பல மாதங்கள் கழித்துக்கூட விளக்கு எரியத் தொடங்கலாம்.

படி 3: கையாலேயே மூன்று சோதனைகள்

ஹாரனை அழுத்துங்கள், ஸ்டீயரிங்கிலுள்ள ஒலிப் பொத்தான்களையும் அழுத்துங்கள். இவையும் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்தான் முதல் குற்றவாளி. ஸ்டீயரிங் எவ்வளவு சுழன்றாலும் மின்தொடர்பு அறாதிருக்க, பட்டை கேபிளைச் சுருட்டி வைத்த வட்டப் பெட்டி அது. அந்தப் பட்டை அறுந்தால் ஏர்பேக்கும் ஹாரனும் சேர்ந்து போகும்.

அடுத்து, முன் இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விளக்கு வந்து வந்து போனால் அடியிலுள்ள ஒயரில்தான் கோளாறு. மூன்றாவது, சீட் பெல்ட்டின் பக்கிள். பெல்ட் போட்டும் பெல்ட் விளக்கு அணையாவிட்டால், உள்ளே காசோ பிஸ்கட் துகளோ சிக்கி சுவிட்ச் கெட்டிருக்கலாம்.

படி 4: பேட்டரி

கார் சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 12க்குக் கீழே கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மின்னழுத்தம் குறைந்தாலே ஏர்பேக் பெட்டி கோளாறைப் பதிந்துவிடலாம்.

படி 5: ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கார் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிப்பதற்கான 16 முனை ஓபிடி சாக்கெட் இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தை மட்டுமே படிக்கும். ஏர்பேக் குறியீடுகள் வேறு வரிசை. அதைப் படிக்கும் ஸ்கேனர் என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள். வாங்க மனமில்லை என்றால் நல்ல மெக்கானிக்கிடம் படித்துத் தரச் சொல்லி, குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

குறியீடு இப்போது இருக்கும் கோளாறா, பழைய பதிவா என்பதையும் ஸ்கேனர் சொல்லும். 'ஓட்டுநர் பக்கப் பிரிடென்ஷனர், தடை அதிகம்' என்பது போன்ற வாசகம் வந்தால், பிரிடென்ஷனரே கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே வெடிமருந்தைப் பற்றவைக்கும் கூறின் மின்தடை 2 ஓம் அளவுதான். கனெக்டரில் பிடித்த களிம்பு அதோடு இன்னும் சில ஓம்களைச் சேர்த்தாலே இந்தக் குறியீடு வரும். புதிய உதிரிபாகத்துக்குப் பணம் கட்டுமுன் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: தொடலாமா?

தொடக்கநிலையில் இருப்பவர் தொடக்கூடியது இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டர் ஒன்றுதான். அதற்கும் ஒழுங்கு உண்டு. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். கையேடு அதற்கு மேல் சொன்னால் அதன்படி. பேட்டரி இல்லாமலும் பையை விரிக்கப் போதுமான மின்சாரம் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பிறகு கனெக்டரைக் கழற்றி, முனைகளில் பச்சையோ வளைவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மின் தொடர்புகளுக்கான கிளீனரை லேசாக அடித்து, நன்றாகக் காய்ந்ததும் பூட்டும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். எல்லாம் மாட்டிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். கனெக்டர் திறந்திருக்க இக்னிஷனைப் போட்டால் புதிதாக ஒரு குறியீடு பதிவாகும்.

ஏர்பேக்கிலோ பிரிடென்ஷனரிலோ மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்க்கவே கூடாது. உள்ளே இருப்பது வெடிமருந்து; மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே பற்றவைத்துவிடக்கூடும். ஸ்டீயரிங் பையைக் கழற்றுவது, கிளாக் ஸ்பிரிங் மாற்றுவது, வெட்டுப்பட்ட மஞ்சள் ஒயரை முறுக்கி ஒட்டுவது, இவை எதுவும் வீட்டு வாசலில் செய்யும் வேலையல்ல.

படி 7: அழித்துச் சரிபார்ப்பது

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஏர்பேக் குறியீடு பொதுவாக அழியாது. ஸ்கேனரால்தான் அழிக்க வேண்டும். அழித்த பின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, இருக்கைகளை நகர்த்தி, இக்னிஷனைச் சில முறை போட்டுப் பாருங்கள். விளக்கு திரும்ப வந்தால் மறுபடியும் குறியீட்டைப் படியுங்கள். அதே குறியீடா, புதியதா என்பது முக்கியம். மோதல் பதிவு என்று வந்தால் அந்தப் பெட்டி பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும், சர்வீஸ் சென்டருக்குப் போவதைத் தவிர வழியில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனை உதவும். விரிந்துபோன பைக்குப் பதிலாக இரண்டு ஓம் ரெசிஸ்டரைச் செருகிப் பெட்டியை ஏமாற்றும் ஆட்கள் உண்டு. இந்த ஏமாற்றில் விளக்கு முறையாக எரிந்து அணையும். எனவே ஸ்டீயரிங் நடுமூடி, பயணி பக்கத்து டாஷ்போர்டு, இருக்கைத் தையல் ஆகியவற்றின் நிறமும் பொருத்தமும் சுற்றியுள்ள பாகங்களோடு ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால், ஏர்பேக் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள்.