முற்றிய பெருங்குடல் புற்றுநோய்: இம்யூனோதெரபி ஆய்வில் சேருமுன் எடைபோட வேண்டியவை

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றிய புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நிலையில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கச் செய்யும் புதிய இம்யூனோதெரபி மருந்துக்கான ஆய்வு ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், முதலில் தங்கள் பயாப்சி அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டியில் டி.என்.ஏ. பிழைதிருத்தம் சரியாக நடக்கிறதா என்று காட்டும் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. பரிசோதனையின் முடிவு அதில் இல்லையென்றால், சேமித்து வைக்கப்பட்டிருக்கும் திசுவிலேயே அதைச் செய்து தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இந்த முடிவு தெரியாமல் எந்த ஆய்வையும் எடைபோட முடியாது.

டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் செயலிழந்த கட்டிகள் 'எம்.எஸ்.ஐ. ஹை' எனப்படுகின்றன. நோய் பரவியவர்களில் ஏறத்தாழ 100க்கு 5 பேருக்கு மட்டுமே இவ்வகை இருக்கிறது. இவர்களுக்கு இம்யூனோதெரபி இன்று சோதனை நிலையைத் தாண்டி, நிரூபணமான சிகிச்சையாகிவிட்டது. 307 பேரிடம் நடந்த கீநோட்-177 ஆய்வில், நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேருக்குக் குறைவாகவும் இருந்த காலம்) கீமோதெரபியில் 8.2 மாதங்களாகவும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தில் 16.5 மாதங்களாகவும் இருந்தது. 2020இல் அமெரிக்கா அதை முதல் சிகிச்சையாகவே அங்கீகரித்தது. ஆகவே இப்பிரிவினர், தாங்கள் சேரவிருக்கும் ஆய்வின் எல்லாக் குழுக்களுக்கும் இத்தகைய மருந்து கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விலை எட்டாததால் ஆய்வை நாடுவோருக்கும் இது பொருந்தும்.

மற்ற 95 பேரின் நிலை வேறு. 'எம்.எஸ்.எஸ்.' எனப்படும் இவர்களுடைய கட்டிகளில் இம்யூனோதெரபி தனியாகப் பெரும்பாலும் பலன் தருவதில்லை என்பதால், வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளே அதிகம். இங்கே நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரெகோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையையும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்து ஜப்பானில் நடந்த சிறிய ஆய்வில், எம்.எஸ்.எஸ். நோயாளிகள் 24 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கட்டி சுருங்கியது. அதே கூட்டு வட அமெரிக்காவில் 70 பேரிடம் சோதிக்கப்பட்டபோது 5 பேருக்குத்தான் சுருங்கியது. அந்த ஐவரும் கல்லீரலில் பரவல் இல்லாத 23 பேரைச் சேர்ந்தவர்கள், கல்லீரலில் பரவியிருந்த 47 பேரில் ஒருவர்கூட இல்லை. ஆகவே ஆய்வு மருத்துவர் பலன் விகிதம் ஒன்றைச் சொன்னால், அது எத்தனை பேரிடம் கண்டது, அவர்களில் கல்லீரல் பரவல் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கல்லீரல் பற்றிய வரிகளையும் அவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, ஆய்வுக்காக எதைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று பாருங்கள். முந்தைய சிகிச்சைகள் பலனற்றுப் போனவர்களுக்கு டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரையோடு பெவாசிசுமாப் சேர்த்துக் கொடுத்தபோது, இடைநிலை ஆயுள் 7.5 மாதங்களிலிருந்து 10.8 மாதங்களாக நீண்டது. இப்படி நிரூபணமான சிகிச்சை கைவசம் இருக்கும்போது, மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் அறியவே நடக்கும் முதல் கட்ட ஆய்வுக்காக அதை விட்டுவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே சமயம், நடமாட்டம் குறைந்து உடல் தளர்ந்த பிறகு பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே முதல் சிகிச்சை பலனற்றுப் போய் இரண்டாவது சிகிச்சை நடக்கும்போதே விசாரிக்கத் தொடங்குவது நல்லது. நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் எண்ணைத் தேடிப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெறும் உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்கி, வீட்டாரோடு படித்த பிறகே கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட பின்னரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஸ்கேன், பயாப்சி, பயணம் ஆகியவற்றின் செலவை யார் ஏற்பார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தூண்டிவிடப்பட்ட நோயெதிர்ப்பு ஆற்றல் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, அரிதாக இதயம் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இது நேரலாம். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்து அருகிலுள்ள மருத்துவரிடம் போக நேர்ந்தால், சாதாரணத் தொற்று என்று அவர் எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆகவே மருந்தின் பெயரையும் ஆய்வு மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.