வாஷிங் மெஷினின் வெப்பநிலை சென்சார்: பழுதைக் கண்டறிந்து மாற்றும் முறை

வெந்நீரில் துவைக்கும்படி அமைத்தும் நீர் சூடாகாமல் இருப்பது, 40 டிகிரி வைத்தால் அதைவிட மிகுதியாகக் கொதிப்பது, துவைப்பு முடியாமல் நேரம் நீண்டுகொண்டே போவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் சந்தேகம் முதலில் வெப்பநிலை சென்சார் மீதுதான் விழும். திரையில் வெப்பநிலை தொடர்பான பிழைக்குறி தோன்றிவிட்டால் பலர் உடனே புதிய சென்சாரை வாங்கிவிடுகிறார்கள். ஆனால், சென்சார் இணைந்துள்ள மின்சுற்றிலிருந்து வரும் அளவு எல்லைக்குள் இல்லை என்பதை மட்டுமே அந்தக் குறி தெரிவிக்கிறது. பழுது சென்சாரிலும் இருக்கலாம், வயரிலும் கனெக்டரிலும் இருக்கலாம், மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டிலும் இருக்கலாம். ஆகவே அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.

இன்றைய மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது என்.டி.சி. தெர்மிஸ்டர் என்ற வகை. வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் சுமார் 10 கிலோ ஓம் காட்டும் ஒரு சென்சார், 60 டிகிரியில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். அடிப்படை அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும். சிலவற்றில் 5 கிலோ ஓமுக்கு அருகிலும், சிலவற்றில் அதைப்போலப் பல மடங்கும் இருக்கும். வயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகி, நீர் உறைநிலையில் இருப்பதைப் போலப் போர்டுக்குத் தோன்றும். ஷார்ட் ஆனால் நீர் கொதிப்பதாகத் தோன்றி ஹீட்டருக்கு மின்சாரமே போகாது. இந்த இரண்டையும் பெரும்பாலான போர்டுகள் கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடும். அளவு சிறிது சிறிதாகப் பிசகிய சென்சார்தான் பிழைக்குறி எதுவும் காட்டாமல் துணியைக் கெடுக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, குழாயை மூடி, அடிப்பகுதி ஃபில்டர் வழியாக நீரை வடித்துவிட வேண்டும். சற்று முன் ஓடிய மெஷின் என்றால் நீர் ஆறட்டும். போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கச் சில நிமிடங்கள் பொறுத்திருப்பதும் அவசியம். தகட்டின் ஓரங்கள் கையைக் கிழிக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

முன்பக்கக் கதவுள்ள மெஷின்களில் ஹீட்டர் வெளித்தொட்டியின் அடியில், பின்பலகைக்கு உள்ளேயோ முன்பலகைக்கு உள்ளேயோ இருக்கும். அதன் தடித்த இரண்டு வயர்களுக்கு நடுவிலோ பக்கத்திலோ மெல்லிய இரண்டு வயர்களுடன் செருகப்பட்டிருப்பதே சென்சார். எதையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரைப் பிரித்ததும் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை நிறக் களிம்போ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால் அதுவே பழுதுக்குக் காரணமாக இருக்கக்கூடும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளக்கலாம். மல்டிமீட்டரைக் கிலோ ஓம் அளவில் வைத்து, சென்சாரின் இரு பின்களிலும் முனைகளை வையுங்கள். இரு முனைகளையும் விரலால் பிடித்தபடி அளந்தால் உடலின் மின்தடையும் சேர்ந்து அளவு குறைந்து காட்டும். கிடைத்த எண்ணை உங்கள் மாடலுக்கான சர்வீஸ் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் நம்பகமான ஒரு சோதனை உண்டு. சென்சாரை வெளியே எடுத்து, அதன் உலோக முனையை மட்டும் வெந்நீரில் அமிழ்த்தி மீட்டரைக் கவனியுங்கள். நல்ல சென்சாரில் எண் தடங்கலின்றிச் சீராக இறங்கி, நீர் ஆற ஆற மீண்டும் ஏறும். எண் அசையாமல் நின்றாலோ, தாவித் தாவி ஓடினாலோ அது பயன்படாது. சென்சார் சரியாக இருந்தால் அதை மீண்டும் இணைத்து, போர்டின் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி அங்கே அளந்து, வயர்களை மெல்ல அசைத்துப் பாருங்கள். டிரம் அதிர அதிர உள்ளுக்குள் முறிந்த வயர் அப்போது சிக்கும்.

ஹீட்டரையும் அளந்துவிடுவது முறை. 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். அதன் முனைகளுக்கும் மெஷினின் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

பழுது சென்சாரில்தான் என்று உறுதியானால், மாடல் எண்ணைக் கொண்டு அதே மின்தடை உள்ள பாகத்தையே வாங்குங்கள். வடிவம் பொருந்தி அளவு பொருந்தாத சென்சார், வெப்பத்தைத் தவறாகவே காட்டிக்கொண்டிருக்கும். பழையதை வயரைப் பிடித்து இழுக்காமல், உடலைப் பிடித்து நேராக வெளியே உருவுங்கள். அது இருந்த துளையிலும் ரப்பர் சீலிலும் உப்புப் படிவு இருந்தால் துடைத்தெடுங்கள். உலோகக் கருவியால் சுரண்டினால் சீல் கிழியும். புதியதைச் செருக எண்ணெய் வேண்டாம், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதன் விளிம்பு சீலோடு முழுதாகப் படியும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக நின்றால் நீர் கசிந்து நேரே மின்முனைகளில் இறங்கும்.

கனெக்டர்களை இணைத்து, பலகையை மூடிய பின் துணியில்லாமல் நீரை நிரப்பி நிறுத்துங்கள். பிளக்கை மீண்டும் கழற்றி, பலகையைத் திறந்து சீலைச் சுற்றி ஈரம் உள்ளதா என்று உலர்ந்த தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மூடிவிட்டு 60 டிகிரியில் ஒரு துவைப்பை முழுதாக ஓடவிடுங்கள். நீர் சூடாகி, பிழைக்குறி வராமல் ஓட்டம் முடிந்தால் துணியைப் போடலாம். அதே குறி திரும்பவும் வந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, மேலே சொன்னபடி போர்டின் பக்கத்துக் கனெக்டரில் அளந்து வயர்களையும் சோதியுங்கள். அவையும் சரியாக இருந்தால் சந்தேகம் போர்டின் மீதுதான், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.