ராமநாதபுரம் கரையிலிருந்து இலங்கைக்கு: முதல்முறை போகிறவர்கள் செய்ய வேண்டியவை

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். நமக்கு மதுரையை விட அதுதான் பக்கம். கீழக்கரையிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ பலருக்கு அங்கே ஒரு மாமா, ஒரு சம்பந்தி, தாத்தா காலத்துக் கடை என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். அதனாலேயே நம்மவர்கள் பக்கத்து ஊருக்குப் போவது போலக் கிளம்பிவிடுகிறார்கள், அங்கே போய் இறங்கியதும் திண்டாடுகிறார்கள். பக்கமாக இருந்தாலும் அது வேறு நாடு. துபாய்க்கோ மலேசியாவுக்கோ போகும்போது எவ்வளவு கவனமாக இருப்போமோ, அதே கவனம் இதற்கும் வேண்டும். எதற்குப் பின் எதைச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பாஸ்போர்ட்

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2000 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வரும்போது முகவரி சரியாக இருக்க வேண்டும், வாடகை வீடு மாறியிருந்தால் ஆதாரை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள், அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் சேர்த்து, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்று இருக்கும். டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள்.

இரண்டாவது படி: எந்த வழியாகப் போவது

1964 டிசம்பர் புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள், அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை கப்பல் ஓடியது. இன்று நம் மாவட்டக் கரையிலிருந்து பயணிகள் கப்பல் கிடையாது. இருக்கிற வழிகள் மூன்று.

கொழும்பு, கண்டி, காலி பக்கம் போகிறவர்களுக்கு மதுரையிலிருந்து கொழும்பு விமானம் வசதி. வானில் ஒரு மணி நேரம்தான், ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் போய்ச் சேர்வதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். யாழ்ப்பாணம், மன்னார் என்றால் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்குப் போகும் விமானத்தைப் பாருங்கள், அங்குள்ள பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம். திருச்சி விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் தொடங்கியது, அதற்கு முன் நம்மவர்கள் சென்னைக்குப் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. மூன்றாவது, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடலில் நான்கு மணி நேரம் ஆகும். நமக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும் என்பதால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், கடல் கொந்தளித்தாலும் ரத்தாகும். எனவே திரும்பி வந்த மறுநாளே கல்யாணம், பரீட்சை என்று வைத்துக்கொண்டு கப்பலை நம்ப வேண்டாம்.

யாராவது "ராத்திரியில் படகில் கொண்டுபோய் விடுகிறேன், இரண்டு மணி நேரம்தான்" என்றால் காது கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் சட்டப்படி குற்றம், பணத்தை வாங்கிக்கொண்டு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போன கதைகளை நம் கரையில் கேட்காதவர்கள் இல்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா தனி ஏற்பாடு. பிப்ரவரி அல்லது மார்ச்சில், முன்கூட்டியே பதிவு செய்தவர்களை மட்டும் ராமேஸ்வரத்திலிருந்து அழைத்துப் போய் அழைத்து வருவார்கள், அதற்குப் பாஸ்போர்ட், விசா கேட்பதில்லை. அந்தச் சலுகை அந்தத் தீவோடு சரி.

மூன்றாவது படி: ஈடிஏ

இலங்கைக்குப் போக ஆன்லைனில் வாங்கும் அனுமதிதான் ஈடிஏ. சுற்றுலாவுக்கு முப்பது நாள் தருவார்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் பக்கத்து வீட்டார் போன வருடம் கட்டிய தொகையைக் கணக்கில் எடுக்காமல், டிக்கெட் போடுவதற்கு முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள். தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றமுள்ள தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும், இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். தள முகவரியின் முடிவு 'கவ் டாட் எல்கே' (gov.lk) என்று இருந்தால்தான் அரசுத் தளம். கிடைத்த அனுமதியை அச்செடுத்து, திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, சொந்தக்காரர் வீடென்றால் அவர் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இது சுற்றுலா அனுமதி. இதை வைத்து வேலை பார்ப்பதும் சரக்கு விற்பதும் கூடாது.

நான்காவது படி: பணம்

ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் இலங்கை ரூபாய் வரும். விலைப் பட்டியலைப் பார்த்து முதல் நாள் மிரளாமல் மூன்றால் வகுத்துப் பாருங்கள், நடைமுறைக்கு அது போதும். இந்தியாவிலிருந்து வெளியே போகும்போது ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டு கொண்டுபோகலாம். விமான நிலையத்தில் உள்ள வங்கிக் கவுண்டரில் மாற்றி ரசீதை வைத்திருங்கள், மீந்த பணத்தைத் திரும்ப மாற்ற அது உதவும். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யுபிஐயும் உண்டு, ஆனால் உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கிவிட்டுப் போக வேண்டும். பெரிய கடைகளில் ஸ்கேன் செய்யலாம், மன்னார் பக்கத்துச் சின்னக் கடையிலும் பஸ்ஸிலும் நோட்டுதான் வேண்டும்.

ஐந்தாவது படி: பை

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று. அடுத்தவர் பார்சலை வாங்காதீர்கள். நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்ததும் தெருவில் நாலு பேர் வருவார்கள், "ஒரு சின்னப் பொட்டலம், மருந்துதான், அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்பார்கள். நம் கரையில் குருவி வேலை, அதாவது அடுத்தவர் கடத்தல் சரக்கைச் சுமந்து போவது, எப்படி ஆரம்பிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிடிபட்டால் பாஸ்போர்ட் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உள்ளே போவார், கொடுத்தவர் இல்லை. சொந்த மைத்துனரே கொடுத்தாலும் உங்கள் கண் முன்னால் பிரித்து, என்ன என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுத்துவிடுங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

பெண்கள் நிறைய நகை போட்டுப் போனால் கிளம்பும்போதே நம் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வரும். சில நாள் போய் வருகிறவருக்கு, வரி இல்லாமல் நகை கொண்டுவரும் சலுகை கிடையாது, அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். அங்கே பல இடங்களில் சதுர முனையுள்ள மூன்று பின் பிளக், அடாப்டர் ஒன்று வேண்டும். டிரோன் எடுத்துப் போகாதீர்கள்.

ஆறாவது படி: இறங்கியதும்

நேரம் நம்முடையதுதான், கடிகாரத்தைத் தொட வேண்டாம். விமான நிலையத்திலேயே டயலாக் அல்லது மொபிடெல் சிம் வாங்குங்கள், பாஸ்போர்ட் காட்டினால் போதும். (தனுஷ்கோடியில் நிற்கும்போதே சில போன்களுக்கு இலங்கை சிக்னல் கிடைத்து ரோமிங்கில் பணம் போய்விடும், அங்கே நெட்வொர்க்கை நீங்களாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.) கொழும்பில் ஆட்டோவுக்குப் பிக்மீ செயலி பேரம் இல்லாமல் வேலையை முடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பூநகரி வழியாகப் பஸ் உண்டு.

வடக்கில் தமிழ் போதும். வவுனியா தாண்டித் தெற்கே போகப் போகச் சிங்களம்தான், சிரித்து ஒரு "ஸ்தூதி" (நன்றி) சொன்னால் முகம் மலரும். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். பௌர்ணமி தோறும் அரசு விடுமுறை, மதுக்கடை இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குப் பழகியவர்கள் மன்னாரில் திருக்கேதீஸ்வரத்தையும் திருகோணமலையில் கோணேஸ்வரத்தையும் விடக் கூடாது, இரண்டும் சம்பந்தர் பாடிய தலங்கள். ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, அப்போது மன்னார் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம்.

ராணுவ முகாம், சோதனைச் சாவடி இவற்றைப் படம் எடுக்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை வைத்த நிலத்தில் ஒரு அடிகூட வைக்க வேண்டாம்.

ஏழாவது படி: பேச்சு

எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, ஆனால் நம் கரைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ "ராமேஸ்வரம் பக்கம்" என்று சொன்னதும் சிலர் முகம் மாறும். நம் விசைப்படகுகள் இழுவை மடியால் (தரையோடு இழுத்துப் போகும் வலையால்) கடலடியை அரித்துவிட்டுப் போகின்றன, வலைகளை அறுத்துவிடுகின்றன என்ற கோபம் அங்குள்ள மீனவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. இழுவை மடியை அவர்கள் நாடு 2017-லேயே தடை செய்துவிட்டது. நம் பக்கத்து வலியும் பெரியதுதான், பிடிபட்ட படகும் சிறையில் இருக்கும் மகனும் யாருக்கும் லேசான விஷயம் இல்லை. ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் வாதாடாதீர்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அதேபோல போரைப் பற்றி, யாரை இழந்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர்களாகச் சொல்வார்கள், அப்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.

எட்டாவது படி: அவசரத்துக்கு

ஆம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. போலீஸ் 119, சுற்றுலாப் போலீஸ் 1912. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டு, கொழும்பில் இந்தியத் தூதரகத்துக்கு, வடக்கில் என்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகலை வீட்டில் ஒருவரிடமும் உங்கள் போனிலும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.